கீமோவும் தலைமயிரும்: வீட்டில் தொடங்கும் உதிர்வு

மனிதத் தலையில் சுமார் ஒரு இலட்சம் மயிர்கள் உண்டு. அவற்றில் ஏறத்தாழ பத்தில் ஒன்பது எந்நேரமும் வளர்ந்துகொண்டிருக்கும். இந்த வளர்ச்சியைத் தரும் வேர்க்கலங்கள் உடலிலேயே மிக விரைவாகப் பிரிந்து பெருகுபவை. புற்றுநோய்க்கு ஏற்றும் கீமோ மருந்துகளில் பல, விரைவாகப் பிரியும் கலங்களையே தாக்குகின்றன. புற்றுக்கலம் எது, மயிர்வேர் எது என்ற பேதம் அவற்றுக்கு இல்லை. அதனால்தான் மார்பிலோ வயிற்றிலோ கட்டி இருப்பவருக்கும் தலைமயிர் கொட்டுகிறது. புருவம், இமை, மூக்கினுள் இருக்கும் மயிர்கூட உதிரலாம். மூக்கு மயிர் போனவர்களுக்குச் சளியே இல்லாமல் மூக்கு ஒழுகுவது இதனால்தான்.

எல்லா மருந்தும் ஒரே அளவில் உதிர்ப்பதில்லை. பக்ளிடாக்சல், டொசிடாக்சல், சைக்ளோபொஸ்பமைட், சிவப்பு நிறத்தில் ஏற்றப்படும் டொக்சோரூபிசின் ஆகியவை அநேகமாக முழுத் தலையையும் வெறுமையாக்கிவிடும். வேறு சில மருந்துகளில் மயிர் ஐதாவதோடு சரி. கதிர்ச் சிகிச்சை படும் இடத்தில் மட்டுமே உதிர்வு இருக்கும். மார்புக்குக் கதிர் கொடுத்தால் தலை அப்படியே இருக்கும். சிகிச்சை தொடங்குமுன் “எனக்கு ஏற்றப் போகிற மருந்துக்கு மயிர் கொட்டுமா?” என்று பெயர் சொல்லிக் கேட்பது நோயாளியின் உரிமை.

உதிர்வுக்கு ஒரு காலக்கணக்கு உண்டு. முதல் மருந்து ஏறி இரண்டு, மூன்று வாரத்தில் அது தொடங்கும். பல சிகிச்சைகளில் அடுத்த மருந்து 21 நாள் கழித்தே ஏறும். ஆக, மயிர் கொட்டத் தொடங்கும்போது நோயாளி வார்டில் இருப்பதில்லை, வீட்டில் இருப்பார். திருகோணமலை லிங்கநகரிலிருந்து சுமார் 260 கிலோமீற்றர் தாண்டி மகரகம அபேக்ஷா வைத்தியசாலைக்கோ, யாழ்ப்பாணத்துத் தெல்லிப்பழைக்கோ, மட்டக்களப்புக்கோ போய் மருந்தேற்றித் திரும்பும் ஒருவருக்கு இதன் பொருள் வேறு. கொத்தாக மயிர் கையோடு வரும் காலை, தாதி பக்கத்தில் இல்லை. தலையணையிலும் சீப்பிலும் கிணற்றடியிலும் மயிர் கிடக்கும். தண்ணீர் ஓடும் கானை அது அடைத்துக்கொள்ளும். அதைப் பொறுக்கியெடுப்பது பெரும்பாலும் நோயாளியே. மருத்துவமனையில் ஒரு வரியில் சொல்லி முடிக்கப்படும் இந்த விஷயத்துக்கு வீட்டார்தான் முன்கூட்டித் தயாராக வேண்டியிருக்கிறது.

தமிழ்ப் பெண்ணுக்கு இது வெறும் அழகுப் பிரச்சினை இல்லை. பின்னலும் பூவும் மங்கலம் என்றும், மழித்த தலை கைம்மை என்றும் பழகிய சமூகம் இது. ஆணின் மொட்டையைக் கண்டால் எந்தக் கோயில் நேர்த்தி என்று கேட்பார்கள். பெண்ணின் மொட்டை நோயைத் தெருவுக்கே அறிவித்துவிடும். சொல்ல விரும்பாத நோயைத் தலை சொல்லிவிடுகிறது என்பதே பலருக்கு உதிர்வைவிடப் பெரிய வேதனை. “மயிர்தானே, வளரும்” என்று ஆறுதல் சொல்பவர்கள் இதை மறந்துவிடுகிறார்கள்.

முதல் மருந்துக்கு முன்பே கூந்தலைக் கட்டையாக வெட்டிக்கொள்வது நல்லது. நீள மயிர் கொட்டும்போது உள்ளதைவிட அதிகமாகத் தெரியும். பொய்முடி வைக்க எண்ணினால், இருக்கும் நிறத்துக்குப் பொருத்தமாகத் தேர்வதும் அப்போதுதான் எளிது. முழுதாக மழிக்க விரும்பினால் சவர அலகு வேண்டாம், மின்சார மெஷின் போதும். மருந்து ஏறி 7 முதல் 14 நாளுக்குள் வெள்ளை அணுக்கள் மிகக் குறைந்திருக்கும். சிறு கீறலிலும் கிருமி புகலாம். அந்நாட்களில் காய்ச்சல் 38 பாகை செல்சியஸ் தொட்டால் கிளினிக் நாள் வரும்வரை காத்திராமல் திருகோணமலை மாவட்டப் பொது வைத்தியசாலைக்கு உடனே போக வேண்டும். மயிர் போவது ஆபத்தில்லை. அந்தக் காய்ச்சல் ஆபத்து.

உதிரும் நாட்களில் தலைத்தோல் நோகும், கடிக்கும். பழைய பருத்திச் சேலைத் துண்டு தலைக்கு இதமான துணி. வழுக்கும் நைலோன் துணி நிற்காது. கச்சான் காற்று வீசும் மாதங்களில் செயற்கை இழைப் பொய்முடி வியர்த்து அரிக்கும். உள்ளே மெல்லிய பருத்தித் தொப்பி போட்டால் ஓரளவு தாங்கலாம். நடுத்தெருவில் காற்று பொய்முடியைத் தள்ளிவிடுமோ என்ற பயம் உள்ளவர்களுக்குத் தலைத்துணியே மேல். முஸ்லிம் பெண்கள் அருகிலேயே வாழும் ஊர் திருகோணமலை. அவிழாமல் துணி சுற்றும் விதத்தைக் கற்றுக்கொள்ள வேறெங்கும் போகத் தேவையில்லை. வெயிலில் மூடாமல் போனால் பழக்கமில்லாத தலைத்தோல் கருகிப்போகும். இமை உதிர்ந்தவருக்குத் தூசிக்குக் கண்ணாடி உதவும்.

எண்ணெய் காய்ச்சித் தேய்த்தால் உதிர்வு நிற்கும் என்பது உண்மையல்ல. சூடான எண்ணெயும் சொரசொரப்பான சீயக்காயும் நொந்த தோலை மேலும் நோகச் செய்யும். உதிர்வைக் குறைப்பதாக ஆய்வுகளில் தெரியவந்தது தலையைக் குளிரூட்டும் தொப்பி. மருந்து ஏறுவதற்கு அரை மணி நேரம் முன்பிருந்தே அதை அணிவிப்பார்கள். குளிரில் தலைத்தோலின் இரத்தக் குழாய்கள் சுருங்குவதால் மயிர்வேருக்குப் போகும் மருந்து குறைகிறது. அமெரிக்காவில் இதற்கு 2015இல் அனுமதி கிடைத்தது. எல்லோருக்கும் அது பலிப்பதில்லை, இரத்தப் புற்றுநோயாளருக்குப் பொருந்தாது, செலவும் அதிகம்.

மருந்து முடிந்து சில வாரங்களில் பூமயிர் தோன்றும். பிறகு மாதம் சுமார் ஒரு சென்றிமீற்றர் வளரும். முதலில் சுருட்டையாகவோ வேறு நிறத்திலோ வரலாம். பெரும்பாலும் நாளடைவில் பழையபடி மாறும். தலைச்சாயம் பூச ஆறு மாதமாவது பொறுப்பது நல்லது. டொசிடாக்சல் ஏற்றிய சிலருக்கும், தலைக்குக் கூடிய அளவு கதிர் பட்டவர்களுக்கும் மயிர் முழுதாகத் திரும்பாமல் போவதுண்டு. சிகிச்சை முடிந்து ஆறு மாதமாகியும் தலை வெறுமையாகவே இருந்தால் அடுத்த கிளினிக்கில் அதைச் சொல்லத் தயங்க வேண்டாம்.