வலி அறியாத பாதமும் வலி அறிய வேண்டிய மனமும்

சில ஆண்டுகளுக்கு முன், கிளிஞ்சல்மேட்டைச் சேர்ந்த மீனவப் பெரியவர் ஒருவர் எங்கள் பிரிவுக்கு வந்தார். நெடுநாள் சர்க்கரை நோயாளி. கடற்கரை மணலில் வெறுங்காலுடன் நடந்தபோது உடைந்த கிளிஞ்சல் ஒன்று உள்ளங்காலில் ஏறியிருந்தது. ஏறிப் பதினொரு நாள்களாகியும் அவர் அறியவில்லை. துர்நாற்றம் வந்த பிறகுதான் வீட்டார் கவனித்திருக்கிறார்கள். புண் ஆழத்தில் சீழ் பிடித்து, சுண்டுவிரல் கறுத்திருந்தது.

நாங்கள் கடிந்துகொண்டோம். "இத்தனை நாள் என்ன செய்துகொண்டிருந்தீர்கள்? காலை இழக்கத்தான் காத்திருந்தீர்களா?" என்று கேட்டோம். பெரியவர் தலை குனிந்தார். அருகில் நின்ற அவருடைய மனைவிதான் மறுமொழி சொன்னார்: "திட்டாதீங்க ஐயா. வலிச்சிருந்தா அன்னைக்கே வந்திருப்போம்."

அந்த அம்மையார் சொன்னது மருத்துவ உண்மை. பாடநூலில் நாங்கள் படித்ததும் அதுவேதான். ஆயினும் அந்த நேரத்தில் அது எங்கள் நினைவுக்கு வரவில்லை. எங்கள் கோபத்தின் கீழே கவலை இருந்தது என்று சமாதானம் சொல்லலாம். ஆனால் அந்த நாற்காலியில் நாங்கள் அமர்ந்திருந்தால், நாறும் காலைப் பலர் முன்னிலையில் நீட்டிக்கொண்டிருந்தால், அப்படியொரு கேள்வியையா எதிர்பார்த்திருப்போம்?

பிறர் நமக்கு எதைச் செய்ய வேண்டுமென்று விரும்புகிறோமோ, அதையே நாம் அவர்களுக்குச் செய்ய வேண்டும் என்பது இயேசு பெருமான் மலைப்பொழிவில் தந்த கட்டளை. மத்தேயு நற்செய்தியின் ஏழாம் அதிகாரத்தில் அது இடம்பெறுகிறது. நமக்கு அருகிலுள்ள தரங்கம்பாடியில் 1706இல் வந்திறங்கிய சீகன்பால்குவின் தமிழ்ப் புதிய ஏற்பாடு 1715இல் அச்சாகி முடிந்தது; அதன் வழியே அக்கட்டளை இக்கரையிலேயே தமிழ் அச்சேறியது. தனக்குத் துன்பம் தருவதைப் பிறருக்குச் செய்யலாகாது என்பதை அதற்கு முன்பே வள்ளுவரும் வலியுறுத்தியிருக்கிறார். எச்சமயத்தைச் சார்ந்த நோயாளியும் இதைத்தான் மருத்துவமனையில் எதிர்பார்க்கிறார்.

நல்ல சமாரியன் உவமையையும் இங்கே எண்ணிப் பார்க்கிறோம். வழிப்பறிக்கு ஆளாகிக் குற்றுயிராய்க் கிடந்தவனிடம் அந்தச் சமாரியன், "தனியாக இவ்வழியே ஏன் வந்தாய்?" என்று கேட்கவில்லை. முதலில் காயத்தைக் கட்டினான். தன் வாகனத்தில் ஏற்றினான். சத்திரத்துச் செலவையும் ஏற்றான். உதவிக்கு முன் விசாரணை வைக்கவில்லை.

வேலூரில் கிடைத்த விடை

இக்கட்டளையைத் தம் தொழிலாகவே ஆக்கிக்கொண்ட மருத்துவர் ஒருவர் தமிழகத்தில் வாழ்ந்தார். டாக்டர் பால் பிராண்ட் 1914இல் கொல்லிமலையில், அங்கே பணியாற்றிய மிஷனரிப் பெற்றோருக்குப் பிறந்தவர். இங்கிலாந்தில் அறுவை சிகிச்சை பயின்று, 1946இல் வேலூர் கிறிஸ்தவ மருத்துவக் கல்லூரிக்கு வந்தார். அக்காலத்தில் தொழுநோயாளிகளைத் தொடுவதற்கு மருத்துவர்களே தயங்கினர். நோயால் சதை அழுகி விரல்கள் உதிர்கின்றன என்றே பெரும்பாலோர் நம்பினர்.

செங்கற்பட்டுத் தொழுநோய் மருத்துவமனையைப் பார்வையிடச் சென்ற பிராண்ட், விரல்கள் மடங்கிப்போன ஒருவரின் கையைப் பற்றிப் பார்த்தார். அந்தக் கை எதிர்பாராத வலிமையுடன் அவர் கையை இறுக்கியது. அழுகிய கை என்று ஒதுக்கப்பட்டதில் நல்ல தசைகள் உயிரோடு இருந்தன. தொட்டுப் பார்த்ததனால் கிடைத்த அறிவு அது. அதிலிருந்து தசைநாண்களை மாற்றிப் பொருத்தி விரல்களை இயங்கச் செய்யும் அறுவை சிகிச்சையை அவர் வளர்த்தெடுத்தார்.

அவர் கண்ட மற்றோர் உண்மை இன்று நம் அனைவருக்கும் உரியது. விரல்களை அழித்தது பெரும்பாலும் நோய்க்கிருமி நேரடியாக அன்று; வலி உணர்வு இல்லாமைதான். சூடான பாத்திரத்தைப் பிடித்தாலும், ஆணி தைத்தாலும், உறக்கத்தில் எலி கடித்தாலும் நோயாளி அறிவதில்லை. காயத்தின் மேலேயே மீண்டும் மீண்டும் நடக்கிறார். ஆதலால் புண் ஆறுவதில்லை. எலிக்கடியைத் தடுக்க, வீடு திரும்பும் நோயாளிகளிடம் பூனையை வளர்க்கக் கொடுத்தனுப்பியதும் உண்டு. பாதத்தின் அழுத்தத்தைக் குறைக்க மிருதுவான ரப்பரில் செருப்புகள் செய்யப்பட்டன. இன்று சர்க்கரை நோயாளிகளுக்கு நாங்கள் எழுதித் தரும் எம்.சி.ஆர். செருப்பும் அத்தகையதே.

ஒரு நீண்ட பயணத்தின் முடிவில், இங்கிலாந்தில் தங்கியிருந்த இரவொன்றில், தம் குதிகாலில் உணர்வு இல்லையென்று பிராண்ட் கண்டார். ஊசியால் குத்தினார், வலிக்கவில்லை. தமக்கும் தொழுநோய் வந்துவிட்டதென்று விடியும்வரை உறங்காமல் கிடந்தார். குடும்பம், தொழில், எதிர்காலம் அனைத்தும் கைவிட்டுப் போவதாக எண்ணினார். காலையில் மீண்டும் குத்தியபோது வலித்தது. நெடுநேரம் அமர்ந்திருந்ததில் நரம்பு மரத்ததே காரணம். அந்த வலிக்காக அவர் கடவுளுக்கு நன்றி கூறினார். தம் நோயாளிகள் ஒவ்வொரு நாளும் சுமக்கும் அச்சத்தை அந்த ஓரிரவு அவருக்குக் காட்டியது.

எங்களிடம் நோயாளிகள் கேட்கும் கேள்வி

"உங்க அப்பாவா இருந்தா என்ன செய்வீங்க, டாக்டர்?" இக்கேள்வியைக் கேட்காத குடும்பம் அரிது. மலைப்பொழிவின் கட்டளையைத்தான் அவர்கள் தம் சொற்களில் கேட்கிறார்கள் என்று இப்போது நாங்கள் எண்ணுகிறோம்.

இதற்கு விடை சொல்வது எளிதன்று. எங்கள் தந்தையாக இருந்தால் உயிரைக் காக்க விரலை எடுத்துவிடச் சொல்வோம். ஆனால் எங்கள் தந்தை கட்டுமரம் ஏறுகிறவர் அல்லர். நாங்கள் விரும்புவதையே நோயாளியும் விரும்புவார் என்று கொள்வது கட்டளையைப் பாதி மட்டுமே புரிந்துகொள்வதாகும். நாங்கள் நோயாளியானால், எங்களைக் கேட்டு, எங்களுக்குப் புரியும்படி சொல்லி, எங்கள் முடிவுக்கு மதிப்பளிக்க வேண்டுமென்று விரும்புவோம். அதையே முதலில் நாங்கள் செய்தாக வேண்டும். ஆகவே இப்போது புண்ணைப் பிரிக்குமுன் திரையை இழுக்கிறோம். நின்றபடி பேசாமல் அமர்ந்து பேசுகிறோம். "ஏன் தாமதம்?" என்பதற்குப் பதிலாக, "முதலில் யார் கவனித்தீர்கள்?" என்று கேட்கிறோம். உண்மையை மறைப்பதில்லை, அதைச் சொல்லும் முறையைத் திருத்திக்கொள்கிறோம். நெரிசல் மிகுந்த நாள்களில் தவறுகிறோம். அப்போது அந்த அம்மையாரைப் போல் நீங்கள் எங்களுக்கு நினைவூட்டலாம்.

உறவினர்களுக்கு எங்கள் வேண்டுகோள்

இதே கட்டளை உங்களுக்கும் உரியது. "சொன்ன பேச்சைக் கேட்காததால்தான் இந்த நிலை" என்று நோயாளியைக் குற்றஞ்சாட்டினால், அடுத்த காயத்தை அவர் மறைப்பார். மறைக்கப்பட்ட காயமே காலை எடுக்கும் நிலைக்குக் கொண்டுபோகிறது. இரவெல்லாம் விழித்திருக்கும் செவிலியரிடமும் கட்டு மாற்றும் ஊழியரிடமும் அன்போடு பேசுங்கள்.

வலி செய்ய வேண்டிய வேலையை இனிக் கண்கள் செய்ய வேண்டும். ஆதலால் பின்வருவனவற்றைக் கைக்கொள்ளுங்கள்:

* நாள்தோறும் இரவில் உள்ளங்காலையும் விரல் இடுக்குகளையும் வெளிச்சத்தில் பாருங்கள். கண் தெரியாதவருக்கும் குனிய இயலாதவருக்கும் வீட்டார் பார்க்கட்டும்.
* வீட்டிற்குள்ளும் வெறுங்காலுடன் நடக்க வேண்டாம். செருப்பை அணியுமுன் உள்ளே கையால் தடவி, கல்லோ கிளிஞ்சலோ இல்லையென்று உறுதி செய்யுங்கள்.
* கால் கழுவும் நீரின் சூட்டை உணர்வுள்ள ஒருவர் கையால் பார்க்கட்டும். வெந்நீர் ஒத்தடம் வேண்டாம். கழுவியபின் விரல் இடுக்குகளை ஈரமின்றித் துடையுங்கள்.
* கால் ஆணியை பிளேடால் சீவ வேண்டாம்.
* கொப்புளம், கீறல், சிவப்பு, வீக்கம், நாற்றம் ஆகியவற்றில் எது தெரிந்தாலும், வலி இல்லாவிட்டாலும் அன்றே வாருங்கள்.
* ஆண்டுக்கு ஒரு முறையேனும் பாத உணர்வுச் சோதனை செய்துகொள்ளுங்கள். மெல்லிய நைலான் இழையால் தொட்டுப் பார்க்கும் எளிய சோதனை அது, வலிக்காது.

அந்தப் பெரியவர் சுண்டுவிரலை இழந்தார், காலை இழக்கவில்லை. புண் ஆற மூன்று மாதங்களுக்கு மேலாயிற்று. இப்போது பின்வார் வைத்த எம்.சி.ஆர். செருப்புடன் பரிசோதனைக்கு வந்து போகிறார். இரவுதோறும் அவருடைய மனைவி கைப்பேசி வெளிச்சத்தில் அவர் பாதங்களைப் பார்க்கிறார். சென்ற முறை வந்தபோது அந்த அம்மையாரிடம், "உங்கள் காலையும் யாராவது பார்க்கிறார்களா?" என்று கேட்டோம். அவருக்கும் சர்க்கரை நோய் உண்டு. அவர் சிரித்துக்கொண்டு கணவரைப் பார்த்தார்.

"பார்க்கிறேன் ஐயா," என்றார் பெரியவர். "அவ பார்த்து முடிச்சதும் நான் பார்ப்பேன்."