வினாவில் பிறக்கும் மெய்யியல்

நுழையும்முன்

நாம் போற்றும் ஒன்றைப் பிறர் குறைகூறும்போது சினம் எழுவது இயல்பு. அச்சினத்தைத் தணித்துக்கொண்டு, 'அவர் கூறுவதில் உண்மை உண்டா?' என ஆராயத் தொடங்கினால் அங்கே மெய்யியல் பிறக்கிறது. தம் நம்பிக்கைக்கு நேர்ந்த அறைகூவலை ஆய்வாக மாற்றிக்கொண்ட ஒரு மாணவரின் வாழ்வை முன்வைத்து, மெய்யியலின் பொருளையும் பயிற்சியையும் விளக்குகிறது இப்பாடம்.

தணிகையில் பிறந்த மாணவர்

திருவள்ளூர் மாவட்டத்தில் ஆந்திர எல்லையை ஒட்டி அமைந்த ஊர் திருத்தணி. அறுபடை வீடுகளுள் ஒன்றாகிய இவ்வூரின் மலைக்கோயிலுக்கு 365 படிகள் உள்ளன. போருக்குப் பின் முருகன் சினம் தணிந்து அமர்ந்த இடமாதலால் 'தணிகை' எனப் பெயர்பெற்றது என்பது தல மரபு. தமிழும் தெலுங்கும் ஒருசேர ஒலிக்கும் இவ்வூர், 1960ஆம் ஆண்டில் அன்றைய சென்னை மாநிலத்துடன் இணைந்தது.

இவ்வூரில், தெலுங்கு பேசும் எளிய குடும்பத்தில், 1888 செப்டம்பர் 5 அன்று பிறந்தவர் சர்வபள்ளி இராதாகிருஷ்ணன். அவரைக் குடியரசுத் தலைவராகவும், ஆசிரியர் நாளுக்குரியவராகவும் நாம் அறிவோம். அவர் எவ்வாறு மெய்யியல் மாணவரானார் என்பதைப் பலர் அறியார்.

திருத்தணியிலும் திருப்பதியிலும் வேலூரிலும் பயின்ற அவர், பின்னர்ச் சென்னைக் கிறித்தவக் கல்லூரியில் சேர்ந்தார். அங்கே அவர் மெய்யியலைத் தேர்ந்தெடுத்தது திட்டமிட்டு நிகழ்ந்ததன்று. அக்கல்லூரியில் பட்டம் முடித்த உறவினர் ஒருவர் தம் மெய்யியல் பாடநூல்களை அவருக்குக் கொடுத்தார். நூல் வாங்கும் செலவு குறையும் என்பதே அப்பாடத்தை எடுப்பதற்குக் காரணமாயிற்று. மேற்படிப்பில் எப்பாடத்தை எடுப்பது எனத் தயங்கும் மாணவர்கள் இதனை எண்ணிப்பார்க்கலாம். பாடம் தற்செயலாக அமையலாம். அதனைத் தமதாக்கிக்கொள்வது தம் முயற்சியே.

அறைகூவலும் விடையும்

கிறித்தவ சமயப் பணியாளர்கள் நடத்திய நிறுவனங்களில் பயின்ற அவர், தாம் பிறந்து வளர்ந்த சமயத்தின் மீதான கடுமையான திறனாய்வுகளைக் கேட்க நேர்ந்தது. 'உலகைப் பொய்த்தோற்றம் எனக் கருதும் வேதாந்தத்தில் அறவாழ்வுக்கு இடமேது?' என்பது அவற்றுள் ஒன்று.

இத்தகைய வினா ஓர் இளைஞரின் உள்ளத்தைப் புண்படுத்தக்கூடியது. அவருக்கு முன்னே மூன்று வழிகள் இருந்தன. சினந்து விலகியிருக்கலாம், வினவியவர் கற்றவர் என்பதனால் தம் மரபைக் கைவிட்டிருக்கலாம். அவரோ மூன்றாவது வழியை மேற்கொண்டார். தம் மரபில் நிலைக்கத்தக்கது எது, நீக்கத்தக்கது எது எனத் தாமே கற்றறிய முற்பட்டார். அம்முயற்சியின் விளைவாக, வேதாந்தத்தின் அறவியல் குறித்து முதுகலைப் பட்டத்திற்காக அவர் எழுதிய ஆய்வுரை 1908ஆம் ஆண்டில் நூலாக வெளிவந்தது. அப்போது அவருக்கு வயது இருபது. கிறித்தவ இறையியலறிஞரான அவருடைய பேராசிரியர் ஏ. ஜி. ஹாக் அவ்வாய்வைப் பாராட்டினார். கருத்தில் மாறுபடுவோரும் காரணத்தை மதிக்கும்போது கல்வி உயர்கிறது என்பதற்கு இந்நிகழ்வு சான்றாகும்.

1909இல் சென்னை மாநிலக் கல்லூரியில் ஆசிரியப் பணியைத் தொடங்கிய அவர், மைசூரிலும் கல்கத்தாவிலும் பேராசிரியராகப் பணியாற்றினார். இந்திய மெய்யியல் வரலாற்றை இரு தொகுதிகளாக ஆங்கிலத்தில் எழுதி 1923, 1927 ஆகிய ஆண்டுகளில் வெளியிட்டார். 1936இல் ஆக்ஸ்போர்டு பல்கலைக்கழகத்தில் பேராசிரியரானார்.

மெய்யியல் என்றால் என்ன?

மேலைநாடுகளில் மெய்யியலைக் குறிக்கும் சொல் கிரேக்க மொழியில் தோன்றியது. 'அறிவின்பால் கொண்ட அன்பு' என்பது அதன் பொருள். ஏதென்சு நகரத் தெருக்களில் கண்டோரிடமெல்லாம் 'அறம் என்பது யாது?', 'வீரம் என்பது யாது?' என வினவியவர் சாக்ரடீசு. வினவுவதைக் கைவிட மறுத்த அவர், பொ.ஆ.மு. 399இல் மரண தண்டனையை ஏற்றார்.

தமிழில் 'மெய்' என்பது உண்மையையும் குறிக்கும், உடலையும் குறிக்கும். உண்மையை நாடும் துறை மெய்யியல். எது உள்ளது, அதனை எவ்வாறு அறிகிறோம், எவ்வாறு வாழ்வது நன்று என்னும் மூன்று வினாக்களும் அதன் அடிப்படைகளாகும்.

அறியும் கருவிகள்

ஒன்றை 'உண்மை' என எவ்வாறு துணிவது? நம் முன்னோர் இதற்கு 'அளவை' என்னும் கருவியைக் கண்டனர். நெல்லை அளக்க மரக்கால் வேண்டுவதுபோல, உண்மையை அளக்கவும் ஓர் அளவை வேண்டும். காட்சி, கருதல், உரை என அளவை மூன்று என்பது சைவ சித்தாந்த மரபு. புலன்களால் நேரே அறிவது காட்சி. கண்டதைக்கொண்டு காணாததை உய்த்துணர்வது கருதல். நம்பத்தக்கோர் கூற்றால் அறிவது உரை. மணிமேகலைக் காப்பியத்தில் பல சமயத்தாரும் தத்தம் கொள்கையை மணிமேகலைக்கு எடுத்துரைக்கின்றனர். அங்கு அளவைவாதி பத்து அளவைகளைப் பற்றிப் பேச, பௌத்தராகிய அறவண அடிகளோ அளவை இரண்டே என்கிறார். அறியும் கருவி எத்தனை என்பதே விவாதத்திற்கு உரியதாக இருந்தது என்பதை இதனால் உணரலாம்.

மலையில் புகை தெரிந்தால் அங்கே நெருப்பு உண்டு எனத் துணிவது கருதலுக்குரிய பழைய எடுத்துக்காட்டு. ஆயினும், மார்கழி விடியலில் தணிகை மலைமேல் தவழும் பனிமூட்டத்தைத் தொலைவிலிருந்து புகை எனக் கொண்டால் முடிவு பிழையாகிவிடும். கருதல் சரியாக அமையக் காட்சி பிழையின்றி அமைதல் வேண்டும்.

படிகளை முன்வைத்து ஒரு பயிற்சி

'மலைப்படிகள் 365, அவை ஓராண்டின் நாள்களைக் குறிக்கின்றன, படியேறி வழிபடுவதே சிறந்தது' என ஒருவர் கூறுவதாகக் கொள்வோம். ஒரே மூச்சில் கூறப்பட்டாலும் இதில் மூன்று கூற்றுகள் உள்ளன. படிகளின் எண்ணிக்கையை எண்ணிப்பார்த்து அறியலாம், அது காட்சி. அவை நாள்களைக் குறிக்கின்றன என்பதை எண்ணி அறிய இயலாது. அதற்கு மரபுரை வேண்டும். எண்கள் ஒத்திருக்கின்றன என்பதனாலேயே கட்டியோரின் கருத்தும் அதுவே எனத் துணியலாமா என்பது ஆராயத்தக்கது.

மூன்றாவது கூற்று வேறு வகையினது. மலைப்பாதையில் ஊர்தியில் வரும் முதியவரின் வழிபாடு, படியேறி வருபவரின் வழிபாட்டினும் குறைந்ததா? வழிபாட்டின் மதிப்பு உடலுழைப்பில் உள்ளதா, உள்ளத்தில் உள்ளதா? இதனை எண்ணியோ அளந்தோ தீர்க்க முடியாது. இரு பக்கக் காரணங்களையும் எடை போட்டே முடிவுக்கு வருதல் வேண்டும். கூற்றுகளைப் பிரித்தறிந்து, ஒவ்வொன்றுக்கும் உரிய சான்றைக் கேட்பது மெய்யியலின் முதற்பயிற்சியாகும்.

மறுப்பதற்கு முன் உணர்தல்

சைவ சித்தாந்த நூல்களுள் ஒன்றாகிய சிவஞான சித்தியார் பரபக்கம், சுபக்கம் என இரு பகுதிகளை உடையது. முதலில் அமைவது பிறர் கொள்கைகளைக் கூறி மறுக்கும் பரபக்கம். அதன் பின்னரே தம் கொள்கையைக் கூறும் சுபக்கம் அமைகிறது. மாற்றார் கருத்தை அறியாமல் அதனை மறுக்க முயல்வது இருளில் அம்பெய்வதை ஒக்கும். 'நான் கூறியதைச் சரியாகவே புரிந்துகொண்டீர்கள்' என்று மாற்றாரும் ஒப்பும்வகையில் அவர் கருத்தை எடுத்துரைக்க இயலுமாயின், மறுப்பதற்கான தகுதியை நாம் பெற்றுவிட்டோம் எனலாம்.

இந்த அளவுகோல் இராதாகிருஷ்ணனுக்கும் பொருந்தும். இந்திய மெய்யியலை விளக்குகையில் அவர் அத்துவைதத்திற்கு முதன்மை தந்தார் என்னும் விமரிசனம் உண்டு. அவர் பிறந்த ஊரினர் என்பதற்காக அவர் முடிவுகளை அப்படியே ஏற்கவேண்டியதில்லை. அவர் வினவியதுபோல நாமும் அவரை வினவலாம். அதுவே ஓர் ஆசிரியருக்கு மாணவர் செய்யும் உயர்ந்த மரியாதையாகும்.

இன்றைய தேவை

கைப்பேசியில் நாள்தோறும் எண்ணற்ற செய்திகள் வந்து சேர்கின்றன. நம் மொழியை, சாதியை, சமயத்தைச் சுட்டிச் சினமூட்டும் செய்திகளும் அவற்றுள் உண்டு. ஒரு நொடியில் அதனைப் பலருக்கு அனுப்பிவிடலாம். அனுப்புமுன், 'இது காட்சியா, கருதலா, எவரோ கூறிய உரையா? உரையாயின், உரைத்தவர் நம்பத்தக்கவரா?' என வினவுவோர் பெரும் தீங்கொன்றைத் தடுத்தவராகவும் ஆகலாம்.

மாணவர்களே! மெய்யியல் அறிஞர்க்கு மட்டும் உரிய துறையன்று. சினம் எழும் பொழுதில் சற்றே நின்று, காரணம் கேட்கத் தெரிந்த எவரும் அதன் முதற்படியில் கால்வைத்தவரே. அடுத்த படியை நீங்களே ஏறவேண்டும்.

கற்பவை கற்றபின்

1. உங்கள் ஊரில் வழங்கும் நம்பிக்கை ஒன்றை எடுத்துக்கொண்டு, அதிலுள்ள கூற்றுகளைப் பிரித்து, ஒவ்வொன்றுக்கும் எவ்வகைச் சான்று வேண்டும் என எழுதுக.

2. நீங்கள் உடன்படாத கருத்து ஒன்றை, அதனை ஏற்பவரும் ஒப்புமாறு வகுப்பறையில் எடுத்துரைக்க.