எந்த பிளாக் தாங்கும்?

ஃபோர்டு மஸ்டாங்கின் 5.0 லிட்டர் வி-8 இன்ஜின் 1987-இல் 225 குதிரைத்திறனோடு விற்பனையானது. எடை குறைவு, விலை மலிவு, உதிரிபாகங்களுக்குப் பஞ்சமில்லை. அமெரிக்காவில் வீட்டு கராஜிலேயே காரை வேகமாக்கிப் பார்த்த ஒரு தலைமுறை இந்த இன்ஜினில்தான் கைப்பழகியது. நல்ல சிலிண்டர் ஹெட், பெரிய கேம்ஷாஃப்ட், மேலே ஒரு சூப்பர்சார்ஜர் என்று ஏற்றினால் திறன் இரண்டு மடங்காகும். 500 குதிரைத்திறனை நெருங்கும்போதுதான் வில்லங்கம் ஆரம்பிக்கும். லிஃப்டர்கள் உட்கார்ந்திருக்கும் நடுப்பள்ளத்தில் கிளம்பும் விரிசல் கேம்ஷாஃப்ட் துளை வழியே இறங்கி, கிராங்க்ஷாஃப்ட்டைத் தாங்கும் சுவர்களையும் கடந்து, பிளாக்கையே நீளவாக்கில் இரண்டாகப் பிளந்துவிடும். போட்ட பணமெல்லாம் அதோடு போச்சு.

சிலிண்டர்கள், தண்ணீர்ப் பாதை, ஆயில் பாதை எல்லாம் சேர்த்து ஒரே வார்ப்பாக வருவதுதான் பிளாக். நான்கு அங்குல விட்டமுள்ள சிலிண்டருக்குள் எரிப்பின் அழுத்தம் 100 பாரைத் தொட்டால், பிஸ்டன் தலையில் விழும் விசை ஏறக்குறைய 8 டன். டர்போ பொருத்திய இன்ஜினுக்கு இந்த அழுத்தம் சர்வசாதாரணம். அந்த விசை பிஸ்டன் வழியாகக் கிராங்கைக் கீழே தள்ளுகிறது. அதே நேரத்தில் ஹெட்டை மேலே தூக்கவும் பார்க்கிறது. இரண்டுக்கும் நடுவே மாட்டிக்கொண்டு இழுபடுவது பிளாக். நிமிடத்துக்கு 6,000 சுற்று ஓடும் வி-8 இன்ஜினில் ஒவ்வொரு சிலிண்டரும் நிமிடத்துக்கு 3,000 முறை இப்படி இழுக்கிறது.

ஆகவே, ‘இந்த பிளாக் எத்தனை குதிரைத்திறன் தாங்கும்?’ என்ற வழக்கமான கேள்வி பாதிக் கேள்விதான். ஒரே அளவுள்ள இரண்டு இன்ஜின்கள் 600 குதிரைத்திறன் தருவதாக வைத்துக்கொள்வோம். ஒன்று டர்போ இல்லாமல் 8,000 சுற்றில் தருகிறது. மற்றது டர்போவோடு 5,500 சுற்றிலேயே தந்துவிடுகிறது. இரண்டாவதில் ஒவ்வொரு எரிப்பின் சராசரித் தள்ளலும் கிட்டத்தட்ட ஒன்றரை மடங்கு. முதலாவதுக்கு வேறு தலைவலி: பிஸ்டனும் கனெக்டிங் ராடும் மேலும் கீழும் திரும்பும்போது உண்டாகும் இழுவிசை சுற்றுவேகத்தின் இருமடிக்கு ஏற்ப ஏறுவதால், அது இரண்டாவதைப்போல் இரண்டு மடங்குக்கும் மேல். குதிரைத்திறனை மட்டும் கேட்டு பிளாக்கைப் பரிந்துரைப்பவரிடம் கொஞ்சம் ஜாக்கிரதையாக இருப்பது நல்லது.

அந்த ஃபோர்டு பிளாக்கின் கோளாறு அதன் அமைப்பில் இருக்கிறது. சுவர்கள் மெல்லியவை. கிராங்கை அடியில் பிடித்திருக்கும் ஒவ்வொரு மெயின் கேப்புக்கும் இரண்டே போல்ட். ஜெனரல் மோட்டார்ஸ் 1997-இல் கார்வெட் காருக்காகக் கொண்டுவந்த எல்எஸ்1 இன்ஜினில் பிளாக்கின் பக்கச்சுவர்கள் கிராங்கின் மையத்துக்கும் கீழே இறங்கி வருகின்றன. ஒவ்வொரு மெயின் கேப்பையும் கீழிருந்து நான்கு போல்ட்டுகளும் பக்கத்துக்கு ஒன்றாக இரண்டு போல்ட்டுகளும் பிடித்திருப்பதால், பெருஞ்சுமையிலும் கேப் அங்குமிங்கும் ஆடுவதில்லை.

எல்எஸ்1 பிளாக் அலுமினியம். இதே குடும்பத்தின் வார்ப்பிரும்பு பிளாக்குகள் 1999 முதல் பிக்கப் லாரிகளில் 4.8, 5.3, 6.0 லிட்டர் அளவுகளில் லட்சக்கணக்கில் ஓடின. பிறகு பழைய வண்டிக் கிடங்குகளுக்கு வந்து சேர்ந்தன. ‘ஹாட் ராட்’ இதழுக்காக ரிச்சர்ட் ஹோல்டனர் அப்படிப்பட்ட ஒரு 4.8 லிட்டர் இன்ஜினை எடுத்து, பிஸ்டன் ரிங் இடைவெளியைக் கூட்டி, இரட்டை டர்போ பொருத்தி, திறனை அளக்கும் டைனோ கருவியில் ஓட்டினார். அது 1,000 குதிரைத்திறனைத் தாண்டியது. டைனோவில் சில வினாடி தாங்குவதும் ஐந்து வருடம் ரோட்டில் ஓடுவதும் வேறுவேறு என்றாலும், லாரி பிளாக்கின் மவுசு கூடியதற்கு இதுபோன்ற சோதனைகள் ஒரு முக்கியக் காரணம்.

இரும்பா, அலுமினியமா? இரும்பின் விறைப்பு அதிகம். அழுத்தத்தில் சிலிண்டர் வட்டம் கோணாமல் நிற்கும். தேய்ந்துபோனால் சிலிண்டரைப் பெரிதாகக் கடைந்து ரீபோர் செய்யலாம். எல்எஸ்1-இல் அலுமினியத்தோடு சேர்த்து வார்த்த இரும்பு லைனர் மெலிசு என்பதால் அதில் ரீபோருக்கு இடமில்லை. லேசாக உரசி மெருகேற்றும் ஹோனிங்கோடு சரி. அலுமினியத்தின் லாபம் எடையில். இரும்பை விட ஏறக்குறைய 40 கிலோ குறையும், அதுவும் முன்சக்கரங்களின் மேல். மலைப்பாதை வளைவுகளில் ஓட்டி ரசிக்கிறவருக்கு அந்த 40 கிலோ பெரிய விஷயம். சிக்னலுக்குச் சிக்னல் நேர்கோட்டில் பாய நினைப்பவருக்கு அது ஒன்றுமேயில்லை.

அமெரிக்காவுக்கு வெளியே இரும்பின் பெயரைக் காப்பாற்றிய இன்ஜின் டொயோட்டா சுப்ராவின் 2ஜேஇசட்-ஜிடிஇ. 3.0 லிட்டர், வரிசையாக ஆறு சிலிண்டர், கிராங்கைத் தாங்க ஏழு மெயின் பேரிங்குகள். வி-8 இன்ஜினில் எட்டு சிலிண்டர்களின் சுமையை ஐந்தே பேரிங்குகள் பங்குபோட்டுக்கொள்கின்றன. சுப்ரா ரசிகர்கள் அலட்டிக்கொள்வதில் நியாயம் இல்லாமலில்லை.

புது பிளாக்தான் உசத்தி என்றும் நினைக்க வேண்டியதில்லை. 1983-இல் நெல்சன் பிக்கே ஃபார்முலா ஒன் பட்டம் வென்ற பிராபம் காரின் பிஎம்டபிள்யூ டர்போ இன்ஜின் வெறும் 1.5 லிட்டர், தகுதிச் சுற்றுகளுக்கான அமைப்பில் பின்னாளில் 1,000 குதிரைத்திறனையும் தாண்டியது. அதன் அடிப்படை, 1960-களில் பிறந்த சாதாரணச் சாலைக் காரின் வார்ப்பிரும்பு பிளாக். பொறியாளர் பால் ரோஷேயின் குழு அதற்கு நெடுந்தூரம் ஓடித் தேர்ந்த பழைய பிளாக்குகளையும் எடுத்துக்கொண்டது. வார்ப்பு குளிரும்போது உள்ளே தங்கிவிடும் இறுக்கங்கள், ஆயிரக்கணக்கான முறை சூடாகி ஆறியதில் தணிந்திருக்கும். அதன்பின் கடைந்தெடுத்த அளவு எளிதில் மாறாது.

பழைய பிளாக்கை வாங்கினால் முதல் செலவு பட்டறைக்குத்தான். காந்தத் துகள் தூவி விரிசல் தேட வேண்டும். வார்க்கும்போது உள்ளச்சு நகர்ந்திருந்தால் சிலிண்டர் சுவர் ஒருபக்கம் தடித்தும் மறுபக்கம் மெலிந்தும் போயிருக்கும். மீயொலிக் கருவி வைத்து அளந்தால் தெரிந்துவிடும். ஹோனிங் செய்யும்போது, ஹெட் இருக்கும் இடத்தில் கனத்த தகடு ஒன்றை முழு இறுக்கத்தில் மாட்டியிருக்க வேண்டும். போல்ட்டை இறுக்கினால் சிலிண்டர் கோணும், அந்தக் கோணலோடுதான் அது வாழ்நாள் முழுக்க ஓடப்போகிறது. டிராக் பந்தயக்காரர்கள் தண்ணீர்ப் பாதையில் சிமென்ட் போன்ற கலவையை ஊற்றிச் சிலிண்டர்களைக் கெட்டியாக்குவார்கள். கால் மைல் ஓட்டத்துக்கு அது சரி; கோடை நெரிசலில் ஊர்ந்து நகரும் காரில் அதை முழுக்க நிரப்பினால் இன்ஜின் வெந்துபோகும்.

தெருவில் ஓட 500 முதல் 700 குதிரைத்திறன் போதும் என்பவருக்கு 6.0 லிட்டர் இரும்பு லாரி பிளாக்கே தாராளம். பழைய மஸ்டாங்கை விடமுடியாதவர், சூப்பர்சார்ஜர் வாங்குவதற்கு முன்பே டார்ட் நிறுவனத்தின் பிளாக்கையோ, ஃபோர்டு பந்தயப் பிரிவின் பாஸ் 302 பிளாக்கையோ வாங்கிவிடுவது மேல். 1,000-க்கு மேல் டர்போவோடு போகிறவருக்கு, சிலிண்டருக்கு நான்குக்குப் பதிலாக ஆறு ஹெட் போல்ட் வைத்த எல்எஸ்எக்ஸ் போன்ற பந்தய பிளாக் வேண்டும். எதுவானாலும் பட்டறைச் சோதனை முடியும்வரை பிஸ்டனுக்கு ஆர்டர் கொடுக்காதீர்கள். ரீபோர் எத்தனை என்று தெரியாமல் பிஸ்டன் அளவைச் சொல்ல முடியாது.