வெள்ளாவியும் ஓவன் அடுப்பும்

தீபாவளிக்கு முந்திய வாரங்களில் ஈப்போ வட்டாரத்து வீடுகளில் முறுக்குச் சட்டிக்குப் பக்கத்தில் பிஸ்கட் சுடும் ஓவன் அடுப்பும் ஓயாது வேலை செய்கிறது. பண்டிகை கழிந்தபின் அதன் உட்சுவரையும் கம்பித் தட்டுகளையும் பார்த்தால், வெண்ணெயும் சீனியும் தீய்ந்து அரக்கைப் போல் கெட்டியாகப் படிந்திருக்கும். சோப்பு நீரால் எத்தனை தேய்த்தாலும் அது அசைவதில்லை. ஏன் அசைவதில்லை என்பதை அறிந்துகொண்டால், கை நோகத் தேய்க்க வேண்டிய தேவை பெரும்பாலும் இராது.

எண்ணெயோ நெய்யோ காற்றுபட உயர்ந்த சூட்டில் இருக்கையில், அதன் மூலக்கூறுகள் ஒன்றோடொன்று கைகோத்து வலைபோல் இறுகிவிடுகின்றன. எண்ணெய் வார்னிஷ் உலர்வதும் ஏறக்குறைய இவ்வாறே. மேலும் சூடேறினால் அவ்வலை கரியாகிறது. சோப்பு இளகிய எண்ணெயைத் தண்ணீரோடு சேர்த்துக் கொண்டுபோகுமேயன்றி, இறுகிய வலையை அறுக்கும் ஆற்றல் அதற்கில்லை. அறுக்க வல்லது காரம். கொழுப்பு காரத்தோடு சேர்ந்தால் சோப்பாகவும் கிளிசரினாகவும் பிரிகிறது என்பதைப் பிரெஞ்சு இரசாயன அறிஞர் செவ்ரொல் ஆராய்ந்து 1823-ஆம் ஆண்டில் நூலாக வெளியிட்டார். ஆகவே காரமிட்டு ஊறவைத்தால் அழுக்கில் ஒரு பகுதி தானே சோப்பாக மாறி, மற்றதையும் நெகிழ்த்துவிடுகிறது.

நம் முன்னோர் இதனை ஏட்டில் படித்தவர் அல்லர். தோட்டத்து லயங்களில் ரப்பர் விறகு எரித்த சாம்பலைத் தேங்காய் நாரில் தொட்டுப் பாத்திரம் துலக்கினர். விறகுச் சாம்பலில் பொட்டாசியம் கார்பனேட் என்னும் காரம் உண்டு. ஆங்கிலத்தில் சட்டியையும் சாம்பலையும் குறிக்கும் இரு சொற்கள் இணைந்து ‘பொட்டாஷ்’ ஆயின. 1807-இல் டேவி பிரித்தெடுத்த உலோகத்திற்குப் பொட்டாசியம் என்ற பெயர் வந்தது அதனால்தான். மலாய்க்காரர் சில பலகாரங்களில் சேர்க்கும் ‘ஆயர் அபு’ என்பதன் பொருளும் சாம்பல் நீரே அன்றோ! சலவைத் தொழிலாளர் உவர்மண் கரைசலில் துணியைத் தோய்த்து வெள்ளாவி வைத்ததில் காரம், ஆவியின் சூடு, நெடுநேரம் ஆகிய மூன்றும் ஒருங்கே அமைந்திருந்தன. ஓவன் அடுப்புக்கு வேண்டுவனவும் இவையே.

எந்தக் காரம் என்பது அடுத்த கேள்வி. ஆப்பச்சோடா மென்மையானது, காரத்தின் அளவைக் காட்டும் பி.எச். எண் அதன் கரைசலில் 8-க்குச் சற்று மேல். சலவைச் சோடாவிலோ 11-க்கு மேல். இவ்வெண் ஒன்று கூடினால் காரம் பத்து மடங்கு என்பது கணக்கு. மூன்று கூடினால் ஆயிரம் மடங்கு. சலவைச் சோடா கிட்டாவிட்டால், ஆப்பச்சோடாவை எவர்சில்வர் தட்டில் பரப்பி 200 பாகை செல்சியசில் ஒரு மணி நேரம் ஓவனில் வையுங்கள். நீராவியும் கரியமிலவாயுவும் வெளியேறிச் சலவைச் சோடா மிஞ்சும். அடுப்பு தன் மருந்தைத் தானே காய்ச்சிக்கொள்ளும் வேடிக்கை இது.

கடைகளில் விற்கும் தெளிப்பு மருந்துகள் பலவற்றில் இருப்பது எரிசோடா. அது வலையை விரைவில் அறுக்கும். தோலையும் கண்ணையும் அவ்வாறே அறுக்கும். அலுமினியத்திற்கு அது பரம விரோதி. நானே ஒருமுறை அலுமினியத் தட்டை எரிசோடாக் கரைசலில் போட்டுவிட்டு, நுரை பொங்குவதைக் கண்டு அழுக்கு போகிறதென்று மகிழ்ந்தேன். பொங்கியது தீப்பற்றக்கூடிய ஹைட்ரஜன் வாயு, கரைந்தது தட்டு! சலவைச் சோடாவிலும் அலுமினியம் கறுக்கும்.

ரப்பர்ப் பால் உறையாதிருக்க அம்மோனியா ஊற்றிய வாடையைப் பழைய தோட்டத்தார் மறந்திருக்க மாட்டார்கள். அதுவும் காரமே. கம்பித் தட்டுகளை அதனோடு பையில் கட்டி ஓரிரவு வைப்போரும் உண்டு. அடைத்த சமையலறையில் அது வேண்டாம் என்பேன். வெளுப்பு நீரோடு தப்பித் தவறிக் கலந்தால் நச்சு வாயு எழும்.

மின்சாரத்தை நிறுத்தி, அடுப்பு ஆறியபின், ஆப்பச்சோடாவைத் தண்ணீரில் குழைத்து உட்சுவரிலும் கண்ணாடிக் கதவிலும் பூசி இரவு முழுதும் விடுக. சூடேற்றும் கம்பியிலும் விசிறியிலும் படக்கூடாது; கதவோரத்து ரப்பர்ப் பட்டையைத் தேய்க்கவும் கூடாது. காலையில் ஈரத்துணியால் வழித்தெடுத்து, மிஞ்சிய இடங்களுக்கு ஒரு பாத்திரத்தில் தண்ணீர் வைத்து அரைமணி நேரம் ஆவி பிடிக்கச் செய்து, மீண்டும் நிறுத்தி ஆறவிட்டுத் துடைக்கலாம். சோடாவோடு வினிகரையும் சேர்த்து ஊற்றுமாறு பலர் சொல்கிறார்கள். நுரை கண்ணுக்கு விருந்துதான்; ஆனால் காரமும் அமிலமும் ஒன்றையொன்று கொன்றுவிட, எஞ்சுவது அழுக்கை அறுக்காத ஓர் உப்பு. சோடாவைத் துடைத்தபின் தங்கும் வெண்படலத்தைப் போக்க மட்டுமே வினிகர் வேண்டும்.

1963-இல் அமெரிக்காவில் ஜெனரல் எலெக்ட்ரிக் நிறுவனம், ஏறத்தாழ 500 பாகைச் சூட்டில் அழுக்கைத் தானே சாம்பலாக்கும் அடுப்பை விற்பனைக்குக் கொண்டுவந்தது. அவ்வகை வைத்திருப்போர் பலர் கம்பித் தட்டுகளை உள்ளேயே விட்டுவிடுகிறார்கள். அவற்றின் குரோமியப் பளபளப்பு அச்சூட்டில் மங்கிவிடும். தட்டுகளை எடுத்து, பெரிய தொட்டியில் கை பொறுக்கும் வெந்நீர் விட்டு, ஒரு கோப்பைச் சலவைச் சோடா கரைத்து இரவு ஊறப்போடுவதே நலம். இரும்பு நார் குரோமியத்தைக் கீறும். கீறிய இடம் துருப்பிடிக்கும். தேங்காய் நார் போதும். கழுவி உலர்த்தியபின் தட்டின் இரு ஓரங்களிலும் துளி எண்ணெய் தடவினால், உள்ளே தள்ளும்போது சிக்காமல் ஓடும்.