தண்ணீர் வேலை - 9: தொட்டியடியில் ஒரு பாடம்

ஒகேனக்கல் கூட்டுக் குடிநீர்த் திட்டத்துக்கு எப்படிக் குழாய் பதித்தார்கள் என்று சென்ற வாரம் பார்த்தோம். 2013இல் அந்தத் திட்டம் பயன்பாட்டுக்கு வந்தது. ஃபுளோரைடு மிகுந்த தண்ணீரைக் குடித்துப் பல்லில் கறை படிந்து, மூட்டு இறுகிப்போன தருமபுரி, கிருஷ்ணகிரி மாவட்ட மக்களுக்குக் காவிரித் தண்ணீர் கிடைத்தது. அந்தத் தண்ணீரை ஊர்த் தொட்டியிலிருந்து வீட்டுக் குழாய் வரை கொண்டுபோய்ச் சேர்ப்பவர் ஊராட்சியின் டேங்க் ஆபரேட்டர். அவர் ஓய்வு பெற்ற பிறகு அந்த இடத்துக்கு வரப்போகும் பிள்ளைகளை யார் தயார் செய்கிறார்கள்? கேட்டுப் பார்த்தால் பெரும்பாலான ஊர்களில் பதில் இல்லை.

அந்த வேலைக்கு எவ்வளவு விவரம் வேண்டும் என்பதை ஒரு கணக்கைக் கொண்டு சொல்கிறேன். காவிரித் தண்ணீர் போதாத நாட்களில் பழைய ஆழ்துளைக் கிணற்றுத் தண்ணீரையும் தொட்டியில் ஏற்ற வேண்டியிருக்கும். குடிநீரில் ஃபுளோரைடு லிட்டருக்கு 1 மில்லிகிராமுக்குள் இருக்க வேண்டும், வேறு வழியே இல்லையென்றால் 1.5 வரை போகலாம் என்கிறது இந்தியத் தர நிர்ணயம். கிணற்றில் 3 மி.கி., காவிரியில் 0.3 மி.கி. என்று வைத்துக்கொள்வோம். பாதிக்குப் பாதி கலந்தால் 1.65, எல்லை தாண்டிவிட்டது. கிணற்றுத் தண்ணீரை மூன்றில் ஒரு பங்காகக் குறைத்தால் 1.2. எட்டாம் வகுப்பு படித்தவர் போடக்கூடிய கணக்குதான். ஆனால் யாராவது ஒருவர் உட்கார வைத்துச் சொல்லித்தர வேண்டும். இல்லையென்றால் எந்த மோட்டாரை எத்தனை மணி நேரம் ஓட்டுவது என்பது வெறும் பழக்கத்தில் நடக்கும். சில வருடம் கழித்து அது ஊர்ப் பிள்ளைகளின் பல்லில் தெரியும்.

தருமபுரி பக்கம் ஓர் ஊராட்சியில், நெடுநாள் அனுபவமுள்ள ஆபரேட்டர் ஒருவர் தன் அக்கா மகனுக்கு வேலை பழக்கிக்கொண்டிருந்தார். பையன் ஐ.டி.ஐ.யில் எலக்ட்ரீஷியன் முடித்தவன். பிளீச்சிங் பவுடர் பொட்டலத்தோடு நேரே ஏணியைப் பார்த்துப் போனான்.

“அப்படியே உள்ள கொட்டிடாதடா மாப்ள. சுண்ணாம்பெல்லாம் அடியில போய் உக்காந்துக்கும்.”

ஆயிரம் லிட்டருக்கு 4 கிராம் என்பது ஊராட்சிகளில் சொல்லப்படும் அளவு. அது 30,000 லிட்டர் தொட்டி. 120 கிராம் நிறுத்து எடுத்தார். பிளாஸ்டிக் வாளியில் கொஞ்சம் தண்ணீர் விட்டுக் கூழாகக் குழைத்து, மேலும் தண்ணீர் சேர்த்துக் கலக்கி, தெளியட்டும் என்று ஓரமாக வைத்தார். தெளிந்த தண்ணீர் மட்டும் தொட்டிக்குப் போனது; அடியில் தங்கிய வெள்ளைச் சேறு வெளியே. பொட்டலத்தைப் பிரித்துப் போட்டால் வீரியம் போய்விடும் என்று வாயை இறுக்கிக் கட்டினார். அரை மணி நேரம் கழித்துத்தான் வால்வைத் தொட்டார். அதையும் கொஞ்சம் கொஞ்சமாகத்தான் திறக்க வேண்டும். மூடும்போது இன்னும் நிதானம் வேண்டும். ஓடுகிற தண்ணீரைச் சட்டென்று நிறுத்தினால் அந்த அதிர்ச்சியிலேயே குழாயின் இணைப்பு விட்டுப்போகும்.

பிறகு தண்ணீரில் மிஞ்சிய குளோரினை அளக்கும் குளோரோஸ்கோப்பை எடுத்துக்கொண்டு தெருக்கோடிக்கு நடந்தார்கள்.

“தொட்டியடியிலயே பாத்துக்கலாமே மாமா?”

“இங்க இருக்கறது கணக்கில்லடா. கடைசி வூட்டுக் குழாயில 0.2 இருக்கணும். வழியில எங்கயாவது ஒடைஞ்சு சாக்கடை கலந்துச்சுன்னு வச்சிக்கோ, குளோரின் அங்கயே செலவாயிடும். கடைசி வூட்டுல மஞ்சளே வராது.”

சோதனைக் குழாயில் மருந்து விட்டதும் தண்ணீர் வெளிர்மஞ்சளானது. பையன் அதை வெளிச்சத்தில் தூக்கிப் பிடித்து, பக்கத்திலிருந்த நிற அளவோடு ஒப்பிட்டுப் பார்த்தான். மாமாவுக்குத் தெரியாததும் அவனிடம் இருந்தது. மூன்று ஃபேஸில் ஒன்று போன பிறகும் மோட்டார் ஓடிக்கொண்டிருந்தால் காயில் கருகிவிடும். பேனலில் அதற்கான தடுப்புக் கருவி வேலை செய்கிறதா என்று பார்த்து, ஆம்பியர் மீட்டரை எப்படிப் படிப்பது என்று அவன் சொல்லிக்கொடுத்தான்.

எனக்குத் தெரிந்து இந்தத் தொழிலுக்கு இதைவிட நல்ல பயிற்சி இல்லை. ஐ.டி.ஐ.யில் ஃபிட்டரும் எலக்ட்ரீஷியனும் இரண்டு வருடப் படிப்பு. பிளம்பர் ஒரு வருடம். எல்லாம் தனித்தனிப் பிரிவு. தொட்டியடியில் நிற்பவருக்கோ மூன்றும் கொஞ்சம் கொஞ்சம் வேண்டும், அதற்கு மேல் தண்ணீரின் குணமும் தெரிய வேண்டும். 2019 ஆகஸ்ட் 15 அன்று ஜல் ஜீவன் திட்டம் அறிவிக்கப்பட்ட பிறகு கோடிக்கணக்கான வீடுகளுக்குக் குழாய் போய்விட்டது. பழுது பார்க்க ஊருக்கு ஆள் வேண்டும் என்று பல தொழில்களைச் சேர்த்துக் கற்பிக்கும் ‘நல் ஜல் மித்ரா’ பயிற்சியையும் ஒன்றிய அரசு கொண்டுவந்தது. நல்ல எண்ணம்தான். ஆனால் குறுகிய காலப் பயிற்சியில் கருவிகளின் பெயர் தெரியும், கை பழகாது. கோடை, மழை இரண்டையும் ஒரே தொட்டியடியில் பார்க்கும் ஒரு வருடத் தொழிற்பழகுநர் பயிற்சி வேண்டும். அதற்கான சட்டம் 1961 முதல் இருக்கிறது. 30 பேரோ அதற்கு மேலோ வேலை செய்யும் நிறுவனங்கள்தாம் பழகுநர்களைக் கட்டாயம் சேர்க்க வேண்டும் என்பதால் ஊராட்சிகள் அதில் வருவதில்லை. ஊராட்சி ஒன்றியத்தையோ குடிநீர் வடிகால் வாரியத்தின் கோட்டத்தையோ ஓர் அலகாக வைத்தால் இந்தத் தடை நீங்கும்.

இதோடு பாதுகாப்பையும் முதல் நாளிலிருந்தே சொல்லித்தர வேண்டும். பெரிய சுத்திகரிப்பு நிலையங்களில் குளோரின் வாயு 900 கிலோ உருளைகளில் வருகிறது. கசிகிறதா என்று பார்க்க அமோனியாவில் நனைத்த துணியைக் குச்சியில் கட்டி நீட்டுவார்கள். கசிவு இருந்தால் வெண்புகை எழும். குளோரின் காற்றைவிடக் கனமானது, தரையோடு பரவும். காற்று வரும் திசை நோக்கி, மேட்டைப் பார்த்துப் போக வேண்டும். உரிய பாதுகாப்பு இல்லாமல் கழிவுநீர்க் குழியைச் சுத்தம் செய்ய யாரையும் இறக்குவதை 2013ஆம் ஆண்டுச் சட்டம் தடை செய்திருக்கிறது என்பதும் பாடத்தில் இருக்க வேண்டும். அது தெரியாமல் இறங்கி மாண்டவர்கள் இந்த நாட்டில் ஏராளம்.

சம்பளத்தைப் பேசாமல் இதில் எதுவும் நடக்காது. ஊராட்சி ஆபரேட்டர்கள் காலமுறை ஊதியம் கேட்டுப் பல வருடங்களாகப் போராடி வருகிறார்கள். அந்தப் பையனும் ஓசூரில் ஒரு கம்பெனிக்கு விண்ணப்பித்திருந்தான். போகாதே என்று மாமா சொல்லவில்லை. எனக்கும் சொல்ல மனம் வரவில்லை. பயிற்சிச் சான்றிதழ் பெற்றவருக்கு நிலையான ஊதியம், பிறகு கூட்டுக் குடிநீர்த் திட்டத்தின் நீரேற்று நிலையத்திலோ நெம்மேலியில் இருப்பது போன்ற, கடல்நீரைக் குடிநீராக்கும் ஆலையிலோ மேல்நிலைக்குப் போகும் வழி என்று இருந்தால் அவன் ஊரிலேயே இருந்திருக்கக்கூடும்.

ஜல் ஜீவன் திட்டத்தில் ஊருக்கு ஐந்து பெண்களுக்குத் தண்ணீர்ப் பரிசோதனைப் பெட்டியைக் கையாளக் கற்றுக்கொடுக்க வேண்டும் என்று வைத்தார்கள். ஃபுளோரைடையும் குளோரினையும் அளக்கத் தெரிந்த அந்தப் பெண்களை மோட்டார் அறைக்குள்ளும் ஏன் அழைத்துச் செல்லக் கூடாது? அடுத்த வாரம் அதைப் பார்க்கலாம்.

(தொடரும்)