சமணர் மலை வௌவாலுக்கு மணி சொல்வது யார்?

மதுரை காமராசர் பல்கலைக்கழகத்தை ஒட்டியே சமணர் மலை இருக்கிறது. தீர்த்தங்கரர் சிற்பங்களைப் பார்க்க வருகிறவர்கள், வௌவால் நெடி அடிக்கும் குகைகளுக்குள் தலையை நீட்டுவதில்லை. 1970களின் நடுவில் பல்கலைக்கழகத்தில் சேர்ந்த எம்.கே. சந்திரசேகரன் தன் மாணவர்களோடு அங்கேதான் போய் உட்கார்ந்தார். உயிர்களின் உடலுக்குள் ஓடும், சுமார் 24 மணி நேரத்துக்கு ஒரு சுற்று வரும் கடிகாரம்தான் அவருடைய துறை.

அந்தப் பாடத்தை அவர் படித்த இடம் ஜெர்மனியின் டூபிங்கன். பீன்ஸ் செடியின் இலை இரவில் தொங்குவதும் பகலில் நிமிர்வதும் எவ்வளவு நேரத்துக்கு ஒரு முறை என்பது பெற்றோரிடமிருந்து வழிவழியாக வருகிறது என்று 1930களிலேயே காட்டிய எர்வின் ப்யூனிங் அங்கே இருந்தார். சந்திரசேகரன் எடுத்துக்கொண்டது பழ ஈ. இந்த ஈக்கள் கூட்டுப்புழு உறையை உடைத்துக்கொண்டு வெளியே வருவது பெரும்பாலும் விடியற்காலையில்தான். காற்றில் ஈரம் இருக்கும்போதே சிறகு விரிந்தாக வேண்டும். முழு இருட்டில் வைத்தாலும் ஏறத்தாழ அதே நேரக் கணக்கில் வருகின்றன. நடுவில் சிறிது நேரம் வெளிச்சம் காட்டினால்தான் கணக்கு மாறும்: முன்னிரவில் காட்டினால் பிந்தும், பின்னிரவில் காட்டினால் முந்தும். 1967-ல் இதைப் பற்றிய அவருடைய கட்டுரை வந்தது. 1973-ல் வொல்ஃப்காங் எங்கல்மனோடு சேர்ந்து, முன்னிரவிலும் பின்னிரவிலும் கடிகாரத்தை நகர்த்தத் தேவைப்படும் நீல ஒளியின் அளவு ஒன்றல்ல என்று காட்டினார். நுணுக்கமான வேலை. ஆனால் அந்தக் காலத்தில் இந்தத் துறையில் பலரும் செய்துகொண்டிருந்த வேலையும்கூட.

மதுரைக்கு வந்த பிறகுதான் கேள்வியே வேறாயிற்று. ஒளிதான் கடிகாரத்தைத் திருத்துகிறது என்றால், ஒளியே எட்டாத இடத்தில் வாழும் பிராணி என்ன செய்யும்?

சமணர் மலைக் குகையின் உள்பகுதியில் இரவும் பகலும் ஒரே இருட்டு. வெப்பமும் ஈரமும்கூட அவ்வளவாக மாறுவதில்லை. அங்கே தொங்கும் பூச்சி தின்னும் இலைமூக்கு வௌவால்கள், பொழுது சாய்ந்ததும் சொல்லிவைத்தாற்போல் கிளம்பிப் போகின்றன. கிளம்புவதற்குச் சற்று முன்பு அவற்றில் சில, குகை வாய்வரை பறந்து வந்து வெளிச்சம் எவ்வளவு மிச்சம் இருக்கிறது என்று பார்த்துவிட்டு உள்ளே திரும்பும். பார்க்கப் போகாமல் உள்ளேயே கிடப்பவை?

சந்திரசேகரனும் ஜி. மாரிமுத்துவும் மற்ற மாணவர்களும் செய்த சோதனை கேட்க மிக எளிது. ஒரு வௌவாலைக் கூண்டில் அடைத்து, அதன் கூட்டம் வாழும் அதே இருட்டுக்குள் வைத்தார்கள். வெளிச்சம் அதற்குத் தெரிய வழியில்லை, பறந்து போய்ப் பார்க்கவும் முடியாது. இருந்தும் மற்றவை வெளியே கிளம்பும் நேரத்தில் அதுவும் கூண்டுக்குள் படபடக்கத் தொடங்கியது. நாள் தவறாமல் அப்படித்தான். சுற்றிலும் அதன் இனம் இல்லாத இடத்தில் தனியே வைத்தபோது இந்த ஒழுங்கு போய்விட்டது. கடிகாரம் நிற்கவில்லை. ஆனால் 24 மணிக் கணக்கிலிருந்து விலகி, தன் போக்கில் நாளுக்கு நாள் நகர்ந்தது. வெளியே போய்வரும் உறவுக்கூட்டம்தான் கூண்டுக்குள் இருப்பதற்கு மணி சொல்லியிருக்கிறது.

1978-லும் 1981-லும் வெளியான இந்த முடிவைப் பார்த்து ஒருவர் கேட்கலாம்: குகைக்குள் எழும் இரைச்சலே போதாதா, அதில் இனம் என்ன, உறவு என்ன? அதையும் சோதித்தார்கள். இலைமூக்கு வௌவால்களின் குகைக்குள் வேறு குடும்பத்தைச் சேர்ந்த வௌவாலை வைத்தபோது, அது அண்டை வீட்டாரின் போக்குவரத்தைச் சட்டை செய்யவில்லை. தன் கணக்கிலேயே ஓடியது. இந்த ஒற்றைச் சோதனை இல்லாவிட்டால் முதல் முடிவுக்குப் பாதி மதிப்புதான் இருந்திருக்கும் என்பது என் எண்ணம்.

அடுத்து வயல் சுண்டெலி. என். விசுவநாதனும் சந்திரசேகரனும் சேர்ந்து எழுதிய கட்டுரை 1985-ல் ‘நேச்சர்’ இதழில் வந்தது. ஒளி மாறாத இடத்தில் வளரும் குட்டிகளிடம் தாயை 12 மணி நேரம் விட்டு, அடுத்த 12 மணி நேரம் பிரித்துவைத்தார்கள். குட்டிகளின் கடிகாரம் தாயின் வரவையும் போக்கையும் பிடித்துக்கொண்டு ஓடியது. தாய் இருக்கும் நேரம் பகல், இல்லாத நேரம் இரவு. சுண்டெலி இரவில் இரை தேடிப் போகும் பிராணி என்பதை நினைத்தால் குட்டிகளின் கணக்கு சரியானதுதான்.

மனிதனையும் விடவில்லை. ஜன்னல், கடிகாரம், வானொலி எதுவும் இல்லாத தனியறையைப் பல்கலைக்கழகத்தில் கட்டி, விருப்பத்தோடு வந்தவர்களை நாள்கணக்கில் அதில் தங்கவைத்தார்கள். ஜெர்மனியில் யுர்கன் ஆஷாஃப் இதைப் பெரிய அளவில் செய்திருந்தார். அப்படி ஒரு பெண் தங்கியிருந்தபோது கவனித்ததை மதுரைக் குழு 1991-ல் ‘கரண்ட் சயின்ஸ்’ இதழில் எழுதியது: மாதவிடாய்ச் சுழற்சி, தூக்கமும் விழிப்பும் மாறிவரும் தாளத்தோடு கட்டப்பட்டிருக்கவில்லை. பெண்ணின் உடலில் நாளை எண்ணுவது ஒன்று, மாதத்தை எண்ணுவது வேறொன்று.

கடிகாரத்தின் உள்ளே இருக்கும் மரபணுக்களைத் தேடிய அமெரிக்கர்கள் மூவருக்கு 2017-ல் நோபல் பரிசு கிடைத்தது. சந்திரசேகரன் தேடியது அந்தக் கடிகாரத்தை வெளியே இருந்து திருப்பிவைக்கும் கையை. முதல் வகை வேலைக்குக் கருவியும் பணமும் வேண்டும். இரண்டாவதற்குக் குகைக்குப் பக்கத்தில் வேலை கிடைத்தாலே பாதிக் காரியம் ஆனமாதிரி.

1990களின் பிற்பகுதியில் பெங்களூரு ஜவாஹர்லால் நேரு உயர் ஆய்வு மையத்துக்குப் போனவர் மறுபடியும் பழ ஈயிடம் வந்தார். அங்கே சில ஈக் கூட்டங்கள் தலைமுறை தலைமுறையாக அணையாத விளக்கின் கீழேயே வளர்க்கப்பட்டு வந்தன. இரவென்பதையே அறியாத பரம்பரை. குகை மீன்கள் சில கண்ணை இழந்ததுபோல, பயன்படாத கடிகாரத்தை இவையும் இழந்திருக்க வேண்டுமே? 600 தலைமுறைக்குப் பிறகு சோதித்தார்கள். ஒளியும் இருளும் மாறிவரும் சூழலுக்குக் கொண்டுவந்ததும் ஈக்கள் தாளத்தோடு உறையைவிட்டு வெளிவந்தன. முழு இருட்டிலும் அந்தத் தாளம் நீடித்தது. வி. ஷீபா, வி.கே. சர்மா, அமிதாப் ஜோஷி ஆகியோரோடு சந்திரசேகரன் எழுதிய இந்தக் கட்டுரை 1999-ல் வந்தது.

பரிணாமக் கணக்கில் 600 தலைமுறை கொஞ்சம்தான், அழிய இன்னும் நேரம் இருக்கிறது என்று வாதிடலாம். ஆய்வாளர்கள் வேறொரு விளக்கத்தின் பக்கம் சாய்ந்தார்கள். கண்மாய்த் தண்ணீரை முறை வைத்துப் பாய்ச்சுவதுபோல, உடலுக்குள் நடக்கும் பல வேலைகளை ஒன்றோடொன்று மோதாமல் வரிசைப்படுத்தவும் கடிகாரம் தேவைப்படுகிறது. அந்தத் தேவை வெளியே சூரியன் இருந்தாலும் இல்லாவிட்டாலும் தீர்வதில்லை.