வெயிலில் விளையும் உப்பு, குளிரில் விழும் மருந்து

கச்சான் காற்று வீசும் மாதங்களில் நிலாவெளிப் பக்கம் போனால் உப்பளப் பாத்திகளின் வெள்ளை கண்ணைக் கூசவைக்கும். நிலாவெளியிலும் குச்சவெளியிலும் வெயில்தான் உப்பை விளைவிக்கிறது என்போம். பாதி சரி. வெயிலும் காற்றும் தண்ணீரை ஆவியாக்குகின்றன, அவ்வளவுதான். கறியுப்பின் கரைதிறன் சூட்டுக்குப் பெரிதாக அசைவதில்லை: 100 கிராம் தண்ணீரில் 20 பாகை செல்சியசில் 36 கிராம் கரையும், 60 பாகையிலும் ஏறத்தாழ 37 தான். சூடான உப்புக் கரைசலைக் குளிரவைத்து உப்பு எடுக்கப் பார்ப்பது வீண் வேலை.

மருந்துப் பொருள்கள் பலவும் இதற்கு நேர்மாறு. அப்படி ஒன்று அதே பாத்தியிலேயே இருக்கிறது. உப்பு நீரின் செறிவை அளக்கும் போமே மானி 25ஐத் தொட்டதும் உப்பு படியத் தொடங்கும். 30ஐ நெருங்கும்போது மிஞ்சிய நீரை வெளியே விடுவார்கள். நாக்கில் பட்டால் முகம் கோணும் அந்தக் கசப்பு, மகனீசிய உப்புகளுடையது. அவற்றுள் ஒன்றான மகனீசியம் சல்பேற்றுதான் பழைய பேதியுப்பு. கர்ப்பிணிகளுக்கு வரும் ஆபத்தான வலிப்பை அடக்க இன்று ஆஸ்பத்திரியில் ஏற்றுவதும் அதுவே. அது 20 பாகையில் சுமார் 35 கிராம் கரையும், 60 பாகையில் 50ஐத் தாண்டும். ஆகவே குளிரவைத்தாலே பளிங்கு விழும். இரவில் கடுங்குளிர் அடிக்கும் நாடுகளின் உப்பளங்களில் கசப்பு நீரிலிருந்து விடியுமுன் இது தானாகப் படிவதுண்டு. நமக்கோ கச்சான் காலத்தில் இரவும் வெக்கைதான்.

எவ்வளவு குளிர் என்பதைவிட எவ்வளவு வேகமாகக் குளிர்கிறது என்பதே மருந்துத் தொழிற்சாலையின் கவலை. சட்டென்று குளிர்ந்தால் ஒரே நேரத்தில் எண்ணற்ற பளிங்குக் கருக்கள் தோன்றும். பந்தியில் ஆள் கூடினால் ஆளுக்கொரு கரண்டிதானே, எல்லாம் பொடியாக நின்றுவிடும். அவசரமாக வளரும் பளிங்கு அழுக்கு நீரையும் உள்ளே பூட்டிக்கொள்ளும். அதனால்தான் சிறிது விதைப் பளிங்கைத் தூவி, மெல்ல மெல்லக் குளிரவிடுகிறார்கள். வெப்பநிலை பளிங்கின் உள்ளமைப்பையும் மாற்றும். சுமார் 48 பாகைக்குக் கீழே மகனீசியம் சல்பேற்று ஏழு நீர் மூலக்கூறுகளோடு படியும், அதற்கு மேலே ஆறோடு. ஒரே எடையில் மருந்தின் அளவு வேறுபட இது போதும்.

தலைக்காயத்துக்கு ஏற்றும் 20 வீத மெனிற்றோல் போத்தலிலும் இதே கதை. குளிரூட்டிய அறையில் வைத்தால் அடியில் பளிங்கு தெரியும். கெட்டுப்போனது என்று எறிய வேண்டியதில்லை. இளஞ்சூட்டில் முற்றாகக் கரைத்து, தெளிந்த பின் ஏற்றுவார்கள்.

பிள்ளைகளுக்குக் காட்ட விரும்பினால் பார்மசியில் எப்சம் உப்பு, அதாவது இதே மகனீசியம் சல்பேற்று, வாங்குங்கள். சூடான நீரில் இனிக் கரையாது என்னுமளவுக்குக் கரைத்து இரண்டு கிண்ணங்களில் ஊற்றுங்கள். ஒன்றைக் குளிர்சாதனப் பெட்டியில் வையுங்கள், மற்றதைத் துணி சுற்றி மூலையில் விடுங்கள். மறுநாள் இரண்டின் ஊசிகளையும் அருகருகே வைத்து அளக்கச் சொல்லுங்கள். வாயில் மட்டும் வைக்க விடாதீர்கள்.